எதிர்ச்சுற்று எஞ்சினும் நேர்ச்சுற்று ஸ்பேரும்: இரட்டை எஞ்சின் லாஞ்சு ஒன்றின் வேலைப் பதிவு

படகு: சுமார் 15 மீட்டர் மர லாஞ்சு, சென்னை காசிமேடு. எஞ்சின் இரண்டு. இரண்டுமே ஒரே மாடல்: 6 சிலிண்டர், டர்போ இல்லாத டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டீசல், கியரில் ஓடும் டைமிங், இன்லைன் எஃப்.ஐ. பம்ப் (டீசலை சிலிண்டருக்குப் பீய்ச்சும் பம்ப்), ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த நன்னீர்க் குளிர்ச்சி, தண்ணீர் கலந்து வெளியேறும் சைலன்சர். வலப்பக்க எஞ்சின் நேர்ச்சுற்று, அதாவது லாரி எஞ்சின் சுற்றும் திசை. இடப்பக்க எஞ்சின் கம்பெனியிலேயே எதிர்ச்சுற்றாகச் செய்து வந்தது. வேலை நடந்தது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில். அந்தச் சமயத்தில் ராயபுரம், காசிமேடு லேத் பட்டறை எல்லாவற்றிலும் வரிசை நிற்கும். க்ராங்க், ஃப்ளைவீல் வேலையை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். மே கடைசியில் கொண்டுபோனால் கடலுக்குப் போகும் நாளுக்கு முன்னால் கைக்கு வராது.

இடப்பக்க எஞ்சினில் சொல்லப்பட்ட குறைகள் ஐந்து. பெல் ஹவுசிங் (ஃப்ளைவீலை மூடும் கூடு) அடியில் ஆயில் ஊற்றுகிறது. நிமிடத்துக்கு 1800 சுற்றுக்கு மேல் சூடேறுகிறது. எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் கடகடவென்று பல்லைத் தின்கிறது. ஐட்லில் நன்றாக இருக்கிற எஞ்சின் வேகம் கூட்டினால் கரும்புகை விட்டு இழுக்க மறுக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் தட்டும் சத்தம். வலப்பக்க எஞ்சினில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. முந்தைய ஓவர்ஹாலில் இடப்பக்க எஞ்சினுக்கு வாங்கிய ஸ்பேர் எல்லாம் வலப்பக்க எஞ்சினின் பாகப் புத்தகத்தைப் பார்த்து வாங்கியவை. குறைகளுக்கு முக்கிய வேர் அதுதான்.

எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம்

வேலையைத் தொடங்கும் முன் சுற்றுத்திசைக்கு ஒரே பெயரை எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும். லாரி எஞ்சின் முன்னால், புல்லி பக்கம் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்று. அதே எஞ்சினை ஃப்ளைவீல் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர். ஒரு புத்தகம் முன்னால் நின்று ரைட் என்று எழுதும், இன்னொன்று ஃப்ளைவீல் பக்கம் நின்று அதே எஞ்சினை லெஃப்ட் என்று எழுதும். லெஃப்ட், ரைட் என்ற சொல்லை நம்பி ஸ்பேர் வாங்கினால் பாதிக்குப் பாதி தப்பும். இந்தப் பதிவில் லாரிச் சுற்று நேர்ச்சுற்று, அதற்கு மாறானது எதிர்ச்சுற்று.

ப்ரொப்பல்லரைப் பார்ப்பது எப்போதும் படகின் பின்னால் நின்று. நேர்ச்சுற்று எஞ்சின் பின்னாலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். ஃபார்வேர்டில் ஒரே ஒரு ஜோடிப் பல் வழியே வரும் ரிடக்‌ஷன் கியர் அதைத் திருப்பிவிடும், ஷாஃப்ட் கடிகாரச் சுற்றாகும். அதற்கு வலச்சுற்று ப்ரொப்பல்லர். எதிர்ச்சுற்று எஞ்சினுக்கு அதே மாதிரிக் கியர்ப்பெட்டியில் இடச்சுற்று ப்ரொப்பல்லர். வலப்பக்கத்தில் வலச்சுற்று, இடப்பக்கத்தில் இடச்சுற்று என்று இருந்தால் இரண்டும் மேல்பாதியில் வெளிப்புறமாகச் சுற்றுகின்றன என்று அர்த்தம். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போட்டால், பின்புறம் பக்கவாட்டில் நகரும் இழுப்பும் சேர்ந்து படகை நின்ற இடத்திலேயே திருப்பும். இரண்டும் ஒரே சுற்றாக இருந்தால் ஒரு பக்கம் திரும்பும்போது அந்த இழுப்பு உதவும், மறுபக்கம் திரும்பும்போது எதிர்க்கும். நேரோட்டத்திலும் சுக்கானைக் கொஞ்சம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். எதிர்ச்சுற்று எஞ்சின் என்ற தலைவலி பிறந்ததே இதற்காகத்தான்.

ப்ரொப்பல்லர் வலதா இடதா என்று குழம்பினால் தரையில் படுக்க வைத்து, எதிரில் இருக்கும் இதழைப் பக்கவாட்டில் பார்க்கவும். இதழ் வலது பக்கம் உயர்ந்தால் வலச்சுற்று, இடது பக்கம் உயர்ந்தால் இடச்சுற்று. எந்த முகம் கீழே இருந்தாலும் விடை மாறாது. போல்ட்டை நிமிர்த்திப் பிடித்து மரையைப் பார்ப்பது மாதிரிதான்.

எஞ்சின் தன் திசையைத் தானே சொல்லும்

பெயர்ப்பலகை துருப்பிடித்துப் போயிருந்தது. ராக்கர் கவரைக் கழற்றி க்ராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பதுதான் பொய் சொல்லாத சோதனை. 1ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் சேர்ந்து ஆடும் இடத்துக்கு வரவும். எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டே வர, இன்லெட் திறக்கத் தொடங்கினால் திருப்பும் திசை சரி. இன்லெட் மூடி எக்ஸாஸ்ட் திறந்தால் எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருக்கிறோம். எது இன்லெட் என்பதற்கு மேனிஃபோல்டைப் பார்த்தால் போதும்.

இந்த எஞ்சினில் சோதனை எதிர்ச்சுற்றையே காட்டியது. அதாவது கேம் ஷாஃப்ட் சரியானது, முன்னால் வேலை செய்தவர்கள் அதைத் தொடவில்லை. நேர்ச்சுற்று கேமைப் போட்டிருந்தால் எஞ்சின் ஒரு முறைகூடப் பிடித்திருக்காது. 6 சிலிண்டர் க்ராங்கில் 1-6, 2-5, 3-4 ஜோடி ஜோடியாக மேலே வரும். நேர்ச்சுற்றில் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. அதே க்ராங்க் எதிராகச் சுற்றும்போது அந்த வரிசை சரிப்படாது, 1-4-2-6-3-5 ஆகிவிடும், 1க்கு அடுத்து மேலே வருவது 3-4 ஜோடிதான். ஆகவே கேமும் அந்த வரிசைக்கே வெட்டியதாக இருக்க வேண்டும்.

4 சிலிண்டரில் மட்டும் ஒரு சலுகை உண்டு. 1-4 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி என்பதால் க்ராங்க் எந்தப் பக்கம் சுற்றினாலும் 1-3-4-2 பொருந்தும். நடுவில் ஒரு ஐட்லர் (இடைக் கியர்) கூட்டியோ குறைத்தோ கேமைப் பழைய திசையிலேயே ஓடவிட்டால் பழைய கேமே போதும். 6 சிலிண்டரிலும், அமெரிக்க வி8 பெட்ரோல் எஞ்சின்களிலும் இந்தக் குறுக்குவழி கிடையாது. ஷெவர்லே ஸ்மால் பிளாக்கின் 1-8-4-3-6-5-7-2 எதிர்ச்சுற்றில் 1-2-7-5-6-3-4-8 ஆகிவிடும். செயினைத் தூக்கிவிட்டு இரண்டு கியர் போட்டால் கேம் பழைய திசையில் ஓடும், டிஸ்ட்ரிப்யூட்டரும் ஆயில் பம்ப்பும் தப்பிக்கும். ஆனால் கேம் தனிக் கேம்.

இங்கேயே டேப்பெட்டையும் (வால்வு இடைவெளியை) வைத்தாயிற்று. 6 ஆடும்போது 1, 3 ஆடும்போது 4, 5 ஆடும்போது 2, 1 ஆடும்போது 6, 4 ஆடும்போது 3, 2 ஆடும்போது 5. ஒவ்வொன்றுக்கும் நடுவே க்ராங்க் 120 டிகிரி, எதிர்ச்சுற்றுத் திசையில். சோதனை முடிந்ததும் ஃப்ளைவீல் ஹவுசிங்கில் சிவப்புப் பெயின்டில் பெரிதாக ஒரு அம்புக்குறி. எஞ்சின் ரூமில் குனிந்து நிற்கும்போது மூளையை நம்புவதைவிட பெயின்டை நம்பலாம்.

பின் ஆயில் சீல்

கியர்பாக்ஸை இறக்கி ஃப்ளைவீலைக் கழற்றினால் சீல் புத்தம் புதியது. உதட்டில் வெடிப்பில்லை, ஸ்பிரிங் இடத்தில் இருக்கிறது. ஆனாலும் ஆயில் ஊற்றுகிறது. காரணம் சீலின் உள்உதட்டுக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் மெல்லிய வரிகள். ஷாஃப்ட் சரியான பக்கம் சுற்றும்போது அந்த வரிகள் கசியும் ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அதே வரிகள் ஆயிலை வெளியே இறைக்கும் பம்ப் ஆகிவிடும். எத்தனை புது சீல் போட்டாலும் இதே கதைதான்.

சீலின் வெளிமுகத்தில் அம்புக்குறி இருக்கும். வெளியிலிருந்து பார்க்க ஷாஃப்ட் சுற்றும் திசை அது. எதிர்ச்சுற்று எஞ்சினின் பின் சீலுக்கு அம்பு கடிகாரச் சுற்றில் இருக்க வேண்டும், முன் சீலுக்குக் கடிகாரத்துக்கு எதிராக. இரு திசைக்கும் பொதுவான வரி போட்ட சீல் அந்த அளவில் கிடைத்தால் அதையே போடலாம். வரியே இல்லாத வெறும் உதட்டுச் சீலும் ஓடும், ஆயுள் குறைவு. பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் சீல் கேட்டால் முதல் கேள்வி "எந்த வண்டிக்குண்ணா?" என்பதுதான். வண்டிப் பெயரைச் சொன்னால் நேர்ச்சுற்று சீல்தான் கைக்கு வரும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் சொல்லி, அம்புத் திசையையும் சொல்லி, பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்கவும். அம்பும் இல்லாமல் வரியும் புரியாமல் இருந்தால் வாங்க வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம் லேத்தில். சீல் உட்காரும் க்ராங்க் முகத்தில் பள்ளம் விழுந்திருந்ததால் லேசாகத் தீட்ட வேண்டியிருந்தது. எமரியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே தீட்டினால் கண்ணுக்குத் தெரியாத மரை ஒன்று விழும். அது ஒரு திசையில் ஆயிலை உள்ளே இழுக்கும், மறு திசையில் வெளியே தள்ளும். எமரியை ஒரே இடத்தில் பிடித்து, நகர்த்தாமல் முடிக்கச் சொல்ல வேண்டும். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் சீலே இருக்காது, க்ராங்கில் வெட்டிய மரை மட்டுமே ஆயிலைத் திருப்பி அனுப்பும். அந்த வகையில் நேர்ச்சுற்று க்ராங்கை எதிர்ச்சுற்று பிளாக்கில் போட்டால் கசிவுக்கு மருந்தே கிடையாது. மரையை லேத்தில் எடுத்துவிட்டு உதட்டுச் சீலுக்குத் தனி ஹவுசிங் செய்ய வேண்டிவரும்.

செல்ஃப் மோட்டார்

நேர்ச்சுற்று மோட்டாரைக் கொண்டுவந்து, உள்ளே ஃபீல்டு வயரை மாற்றிச் சுற்றுத்திசையை மட்டும் திருப்பியிருந்தார்கள். மோட்டார் திரும்பிச் சுற்றத்தான் செய்யும். (பாட்டரி வயரை மட்டும் மாற்றிப் போட்டால் சீரிஸ் மோட்டார் திசை மாறாது. ஃபீல்டும் ஆர்மெச்சரும் சேர்ந்து மாறிவிடுவதால் பழைய பக்கமே சுற்றும்.) சிக்கல் மூக்கில் இருக்கிறது. பினியனை (ஃப்ளைவீல் பல்லைப் பிடிக்கும் சின்னக் கியரை) முன்னே தள்ளும் சாய்மரை ஒரு கைக்கு வெட்டியது, உள்ளே இருக்கும் ரோலர் கிளட்ச்சும் ஒரு பக்கம்தான் பிடிக்கும். இவர்கள் கிளட்ச்சை வெல்டு வைத்து இறுக்கியிருந்தார்கள். விளைவு, பினியன் பாதிதான் வெளியே வரும், எஞ்சின் பிடித்ததும் ஃப்ளைவீல் மோட்டாரையே இழுத்துச் சுற்றும். ரிங் கியரில் (ஃப்ளைவீலைச் சுற்றிய பல் வளையத்தில்) பல் முனைகள் போய்விட்டன.

தீர்வில் சமரசம் இல்லை. எதிர்ச்சுற்று மோட்டார், எதிர்ச்சுற்று டிரைவுடன். ரிங் கியரில் பல்லின் ஒரு முனை மட்டும் சரிவாக வெட்டியிருக்கும், பினியன் நுழைய வசதியாக. புது ரிங்கை மாட்டும்போது அந்தச் சரிவு பினியன் வரும் பக்கத்திலும், பினியன் அழுத்தும் முகத்துக்கு ஏற்ற சுற்றிலும் இருக்கிறதா என்று பழையதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ரிங்கை 220 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கிப் போட்டால் தானாக உட்காரும். கேஸ் கட்டர் வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினால் பல்லின் கடினம் போய்விடும், அடுத்த தடைக்காலத்தில் மறுபடி இதே வேலை.

சூடேறியதற்குக் காரணம் இரண்டு

முதலாவது உப்புத்தண்ணீர் பம்ப். ரப்பர் இம்பெல்லர் எந்தப் பக்கமும் சுற்றும், உறிஞ்சும் வாயும் தள்ளும் வாயும் மட்டும் இடம் மாறும். எதிர்ச்சுற்றில் ஹோஸ் இரண்டையும் மாற்றிப் போட வேண்டும். இங்கே ஹோஸ் சரியாகவே இருந்தது. தவறு இம்பெல்லரில்: வலப்பக்க எஞ்சினில் ஓடிய பழையதை ஸ்பேராக வைத்திருந்து இடப்பக்கம் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் வளைந்து பழகிய இதழை மறுபக்கம் வளைத்தால் வேரில் வெடிக்கும். 6 இதழில் 4 காணோம். காணாமல் போன ரப்பர் எங்கும் ஆவியாகிவிடாது, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முன்மூடியைத் திறந்தால் குழாய் வாயில் உட்கார்ந்திருக்கும். நான்கும் எண்ணிக் கைக்கு வரும்வரை மூடியை மூடக் கூடாது. புது இம்பெல்லருக்குச் சோப்புத்தண்ணீர் அல்லது கிளிசரின். கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

ஹோஸ் மாற்றாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். பம்ப் கடல் வால்வு வழியே தண்ணீரை வெளியே தள்ளும், சைலன்சருக்குத் தண்ணீர் போகாது, எக்ஸாஸ்ட் ரப்பர் ஹோஸ் சில நிமிடத்தில் கருகும்.

இரண்டாவது நன்னீர் பம்ப். இதுதான் ஏமாற்றும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் அதே வாய் வழியாகத்தான் போகும், ஆனால் பலமில்லாமல். இதழ் வளைந்திருக்கும் திசை தப்பு என்பதால் அளவு குறையும். ஆகவே ஐட்லில், பாதி வேகத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். முழு லோடில் மட்டும் முள் ஏறும். தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள், ரேடியேட்டர் மூடியை மாற்றுவார்கள், ஹெட் பேக்கிங்கைச் சந்தேகப்படுவார்கள். பம்ப்பைக் கழற்றி இதழின் வளைவைப் பார்த்தால் ஒரு நிமிட வேலை: இதழ் முனை சுற்றும் திசைக்குப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். இதில் முன்னால் சாய்ந்திருந்தது.

எதிர்ச்சுற்று இம்பெல்லர் கிடைக்காததால் கன்மெட்டலில் நேரான இதழ் வைத்து ஒன்று வார்த்து லேத்தில் முடித்தது. நேர் இதழுக்குத் திசை கிடையாது. ஹவுசிங்கின் சுருள் வடிவம் இன்னும் நேர்ச்சுற்றுக்கே இருப்பதால் முழுப் பலம் வராது, அதனால் ஒரு அளவு தேவை. எஞ்சினுக்குள் போகும் தண்ணீருக்கும் வெளிவரும் தண்ணீருக்கும் முழு லோடில் வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் ஓட்டம் போதும். இதழ் முனைக்கும் ஹவுசிங்குக்கும் இடைவெளி கையேட்டு அளவின் கீழ் எல்லையில் வைத்தது நல்லதாயிற்று. இம்பெல்லர் ஷாஃப்டில் மரையால் ஏறும் வகையாக இருந்தால் எதிர்ச்சுற்றில் தானாகக் கழன்று ஹவுசிங்கைத் தின்னும். இது பிரஸ் ஃபிட், தப்பித்தது.

டைனமோவுக்கு (இது ஆல்டர்னேட்டர் வகை) மின்சாரத்தில் திசை இல்லை, விசிறியில் உண்டு. வளைந்த இதழ் விசிறி எதிராகச் சுற்றினால் போதிய காற்று இழுக்காது, மே மாத எஞ்சின் ரூமில் டயோடு கருகும். நேர் இதழ் விசிறி போட்டாயிற்று.

எஃப்.ஐ. பம்ப்: கரும்புகையின் வீடு

இன்லைன் பம்ப்பின் பலகையில் சுற்றுத்திசைக்கு ஒரு எழுத்து இருக்கும், ஆர் அல்லது எல், டிரைவ் முனையிலிருந்து பார்த்தது. பம்ப்பின் கேம் இரு பக்கமும் ஒரே வடிவாக இருந்தால் எதிராகச் சுற்றினாலும் பம்ப் ஓடும், 1-5-3-6-2-4 என்ற வரிசை தானாகவே 1-4-2-6-3-5 ஆகும். ஆகவே பிரஷர் பைப்பை மாற்றிப் போடக் கூடாது. 1ஆம் எலிமென்ட் (பம்ப்பில் ஒரு சிலிண்டருக்கான பகுதி) 1ஆம் சிலிண்டருக்கே. ஆனால் சில பம்ப்களில் கேம் ஒருபக்கச் சரிவு கொண்டது, சிலவற்றில் எஞ்சின் தலைகீழாக ஓடிவிடாமல் தடுக்கவென்றே வெட்டியது. அவற்றை எதிராக ஓட்ட முடியாது, கேமை மாற்றியாக வேண்டும். ரோட்டரி பம்ப்பாக இருந்தால் பேச்சே இல்லை: பலகையில் அம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும்.

இந்தப் பம்ப்பின் கேம் சரி, கவர்னர் சரி. பறக்கும் எடைக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். ஃபீட் பம்ப்பும் அப்படியே. தப்பாக இருந்தது முன்னால் இருக்கும் தானியங்கி டைமர். வேகம் ஏற ஏற எடைகள் விரிந்து ஊசி திறக்கும் நேரத்தை முன்னே கொண்டுபோவது அதன் வேலை. நேர்ச்சுற்று டைமரை எதிர்ச்சுற்றில் போட்டால் முன்னே கொண்டுபோக வேண்டியதைப் பின்னே தள்ளும். ஐட்லில் எடை விரியாது, அதனால் குறை தெரியாது. 1500க்கு மேல் கரும்புகை, எக்ஸாஸ்ட் சூடு, இழுப்பின்மை. நோசலை இரண்டு தடவை மாற்றியும் தீராத குறை இந்த ஒரு பாகத்தோடு தீர்ந்தது.

பம்ப் ரூமில் (எஃப்.ஐ. பம்ப் பட்டறையில்) காலிபரேஷனுக்குக் கொடுக்கும்போது ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிட வேண்டும்: சுற்றுத்திசை, வரிசை 1-4-2-6-3-5, ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் நடுவே பம்ப் கேமில் 60 டிகிரி. வாயால் சொன்னால் பெஞ்சைப் பழக்கப்பட்ட பக்கமே ஓட்டிவிடுவார்கள். அளவு சரியாகத்தான் வரும், ஆனால் டெலிவரி தொடங்கும் புள்ளி தவறாகப் பதிவாகும்.

ஃப்ளைவீல் குறி இன்னொரு பொறி. மாட்டியிருந்தது நேர்ச்சுற்று ஃப்ளைவீல். இன்ஜெக்‌ஷன் குறி டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளிக்கு) முன்னால் 18 டிகிரி என்று பொறித்திருக்கும், எதிர்ச்சுற்றில் அதே குறி டி.டி.சி.க்குப் பின்னால் போய்விடும். அதை நம்பி வைத்தால் 36 டிகிரி பிழை, எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது. அதனால்தான் போன தடவை கண்ணளவில் வைத்திருக்கிறார்கள்.

புதிதாகக் குறி போட்ட விதம்: 1ஆம் சிலிண்டர் நோசல் துளையில் ஒரு தடுப்பு ராடு. பிஸ்டன் மெதுவாக வந்து முட்டும்வரை ஒரு பக்கம் திருப்பி ஃப்ளைவீலில் ஒரு கோடு, மறுபக்கம் திருப்பி முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடு டி.டி.சி. ஃப்ளைவீல் விட்டம் 420 மி.மீ., சுற்றளவு 1319.5 மி.மீ., ஒரு டிகிரிக்கு 3.67 மி.மீ. 18 டிகிரிக்கு 66 மி.மீ. டேப்பை வளைத்து அளந்து, எஞ்சின் சுற்றும்போது டி.டி.சி.க்கு முன்னால் வரும் பக்கத்தில் உளியால் குறி. பழைய குறியை கிரைண்டரில் அழித்தாயிற்று, வைத்திருந்தால் யாராவது ஒருநாள் நம்புவார்கள். ஸ்பில் (பம்ப் டெலிவரி தொடங்கும் புள்ளி) பார்க்கும்போது எஞ்சினை அது ஓடும் பக்கமே திருப்பிக் குறிக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னே போய் மறுபடி வரவும். பின்பக்கமாகவே வந்து குறியில் நிறுத்தினால் டைமிங் கியர்களின் பல் இடைவெளி அத்தனையும் டைமிங்கில் பிழையாகச் சேரும்.

தட்டும் சத்தம்: விட்டுவைத்த குறை

சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை) இறக்கி, ஹெட்டைத் தூக்கிப் பார்த்ததில் பிஸ்டன்கள் நேர்ச்சுற்றுக்கானவை. பின் துளை மையத்திலிருந்து ஒரு பக்கம் சற்று ஒதுங்கியிருக்கும், எரியும் அழுத்தத்தில் பிஸ்டன் லைனரின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு மாறும்போது அடி மெதுவாக விழ வேண்டும் என்பதற்காக. சுற்று மாறினால் அழுத்தும் சுவர் மாறும், ஒதுக்கல் தப்பான பக்கம் போய்விடும். தட்டையான தலை கொண்ட பெட்ரோல் பிஸ்டன் என்றால் 180 டிகிரி திருப்பிப் போடலாம். டீசலில் தலையிலுள்ள குழிவு நோசலுக்கு நேராகவும், வால்வுப் பள்ளங்கள் வால்வுக்கு நேராகவும் இருக்க வேண்டும், திருப்பினால் வால்வு முட்டும். கனெக்டிங் ராடில் ஆயில் பீய்ச்சும் துளை இருந்தால் அதற்கும் பக்கம் உண்டு.

ஸ்கர்ட்டில் சிராய்ப்பு இல்லை, லைனர் இடைவெளி எல்லைக்குள். சத்தம் சூடான பிறகு அடங்குகிறது. இதற்காக 6 பிஸ்டனை மாற்றுவது வீண் செலவு என்று முடிவு. அடுத்த ஓவர்ஹாலுக்கான பட்டியலில் முதல் வரி இது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

எதிர்ச்சுற்று எஞ்சினில் உயிரோடு விளையாடும் பாகம் ஆயில் பம்ப். கியர் பம்ப்பை எதிராகச் சுற்றினால் காலரியிலிருந்து (பேரிங்குகளுக்கு ஆயில் போகும் வழியிலிருந்து) சம்ப்புக்கு உறிஞ்சும், கேஜ் பூஜ்யத்தில் நிற்கும், பேரிங் சில நிமிடத்தில் போய்விடும். அதனால் ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டி, டீசல் போகாமல் செல்ஃபை 10 விநாடி, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 10 விநாடி என்று அடித்து, ஆயில் முள் எழுந்த பிறகுதான் டீசல். முள் எழவில்லையென்றால் டீசலைத் திறந்து பார்க்கலாம் என்ற ஆசையே வேண்டாம். கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்புக்கும் இதே விதி. பழைய போர்க் வார்னர் வெல்வெட் டிரைவ் பெட்டிகளில் முன்பம்ப்பை எஞ்சின் சுற்றுக்கு ஏற்பத் திருப்பி உட்கார வைக்க அம்புக்குறியே போட்டிருக்கும். தப்பாக இருந்தால் பெட்டியில் அழுத்தம் வராது, கிளட்ச் வழுக்கிக் கருகும்.

முதல் ஸ்டார்ட்டில் ஒருவர் ஏர் ஃபில்டர் பக்கம் நிற்க வேண்டும். புகை ஃபில்டர் வழியே வந்தால் எஞ்சின் தலைகீழாகப் பிடித்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தவும். டைமிங் குறியில் குழப்பம் நடந்த எஞ்சினில் இது கற்பனை இல்லை.

மெக்கானிக்கல் கேபிள் டேக்கோ (சுற்று காட்டும் மீட்டர்) எதிராக ஓடினால் முள் தடுப்பில் முட்டி நிற்கும், எலெக்ட்ரானிக் வகைக்குக் கவலையில்லை. ஸ்டெர்ன் டியூபில் (ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் குழாயில்) பேக்கிங் கயிறும் தண்ணீரில் ஓடும் கட்லெஸ் பேரிங்கும் எந்தப் பக்கமும் ஓடும். ஒற்றைச் சுருள் ஸ்பிரிங் வைத்த மெக்கானிக்கல் சீல் சிலவற்றுக்கு மட்டும் திசை உண்டு. டர்போ வைத்த எஞ்சினாக இருந்தாலும் டர்போவை மாற்ற வேண்டாம், புகைக்கு க்ராங்க் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியாது.

இத்தனையும் எதற்கு

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் வேறு வழியில்லை. வெல்வெட் டிரைவ் மாதிரிப் பெட்டிகளில் ஃபார்வேர்டு நேரடிப் பிடிப்பு, ரிவர்ஸ் மட்டும் பிளானட்டரி கியர் வழியே. அந்த ரிவர்ஸ் கரையில் ஒதுங்குவதற்கு மட்டும், நாள் முழுக்க ஓட்ட அல்ல. அதனால் எஞ்சினையே இரு திசைக்கும் செய்தார்கள். டெட்ராய்ட் டீசலின் 71 வரிசை இரு சுற்றுக்கும் வந்தது. இன்றைய ஹைட்ராலிக் பெட்டிகள் பலவற்றில் இரு பக்கக் கிளட்ச்சும் ஒரே தாங்குதிறன். இரண்டு நேர்ச்சுற்று எஞ்சின் வைத்து, இடப்பக்கப் பெட்டியில் லீவர் கேபிளை மாற்றிக் கட்டினால் ரிவர்ஸே ஃபார்வேர்டு ஆகிவிடும். அதற்கு முன் கையேட்டில் இரண்டைப் பார்க்க வேண்டும்: ரிவர்ஸின் தொடர் தாங்குதிறன் ஃபார்வேர்டுக்குச் சமமா, ரிடக்‌ஷன் விகிதம் இரண்டிலும் ஒன்றா. விகிதம் கொஞ்சம் மாறினாலும் ஒரே வேகத்தில் இரண்டு ஷாஃப்டும் ஒன்றாக ஓடாது. அவுட்போர்டிலும் இப்படித்தான், எஞ்சின் திரும்புவதில்லை. எதிர்ச்சுற்று மாடல் என்று விற்பதில் கீழ்க்கியர்ப்பெட்டி மட்டும் வேறு.

புதுப் படகுக்கு எதிர்ச்சுற்று எஞ்சின் வாங்காதீர்கள் என்பதுதான் எங்கள் பக்கம். இந்த லாஞ்சில் அதை ஏன் மாற்றவில்லை என்றால், இடப்பக்கப் பெட்டியும் எஞ்சினும் நல்ல நிலையில் இருக்கின்றன, கெட்டதெல்லாம் ஸ்பேர்.

ஓட்டிப் பார்த்தது

துறைமுகத்துக்குள்ளேயே முதல் சோதனை. இரண்டும் ஐட்லில், சுக்கான் நடுவில், வலது முன்னுக்கு இடது பின்னுக்கு: அணியம் இடப்பக்கம் நின்ற இடத்தில் திரும்பியது. மாற்றிப் போட்டால் வலப்பக்கம், கிட்டத்தட்ட அதே நேரத்தில். வெளியே 1800இல் சுக்கானைக் கைவிட்டாலும் படகு நேராகவே போகிறது. 2000இல் அரைமணி நேரம், முள் இரண்டு எஞ்சினிலும் ஒரே இடத்தில். புகை வலப்பக்கத்தைவிட ஒரு சாயல் கறுப்பு, அதற்குப் பம்ப் ரூமில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

இடப்பக்க எஞ்சின் மேல் ஒரு பித்தளைத் தகடு ரிவெட் அடித்தாயிற்று: எதிர்ச்சுற்று, 1-4-2-6-3-5, 18 டிகிரி, பின் சீல் அளவும் அம்புத் திசையும், செல்ஃப் எதிர்ச்சுற்று, டைமர் எதிர்ச்சுற்று, நன்னீர் இம்பெல்லர் நேர் இதழ், பிஸ்டன் நேர்ச்சுற்று, அடுத்த ஓவர்ஹாலில் மாற்றவும். ஸ்பேர் பெட்டியும் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கப் பெட்டிக்குச் சிவப்புப் பெயின்ட், உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் புதியது மட்டும்.